வேலி தரும் விறகும் மருந்தும்

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய பேச்சு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் நெல்லுமன்று, வெங்காயமுமன்று. உங்கள் வளவைச் சுற்றி நிற்கும் வேலியைப் பற்றியே பேசப்போகின்றேன். வேலியைப் பற்றிப் பேச என்ன இருக்கின்றதென நீங்கள் நினைத்தல் கூடும். ஆடுமாடு புகாது தடுப்பதற்கு வேலி. எல்லை காட்டுவதற்கு வேலி. அயலவரோடு வழக்காடுவதற்கும் வேலி. அதன் பயன் இவ்வளவே என்றெண்ணி நம்மிற் பலர் உயிர்வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தகரத்தையும் மதிலையும் வைக்கின்றனர். மதில் கட்டுவதை நான் குறைகூற வரவில்லை, வசதியுள்ளோர் கட்டட்டும். ஆனால் வேலியோடு சேர்த்து எவற்றையெல்லாம் பிடுங்குகின்றோம் என்பதைக் கணக்குப் பார்த்த பின்பு கட்டட்டும்.

2021 ஆம் ஆண்டையும் 2022 ஆம் ஆண்டையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2021 வைகாசியிலே இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு கார்த்திகையிலே தடை நீங்கிற்றாயினும், அதற்குள் பெரும்போகத்துப் பயிர் பசளையின்றி மஞ்சளித்துவிட்டது. அடுத்த ஆண்டு சமையல் வாயுச் சிலிண்டருக்காக வீதிகளிலே இரவும் பகலும் வரிசையில் நின்றோம். 2022 ஆவணியிலே மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாகியது. அக்காலத்திலே பட்டணத்தார் விறகு தேடி அலைந்தனர். நல்ல கதியால் வேலியை ஒழுங்காக வெட்டிப் பேணிவந்த வீடுகளிலோ அடுப்பு அணையவில்லை. வேலிதான் அவ்விரண்டு பஞ்சத்தையும் முற்றாகத் தீர்த்திருக்கும் என்று நான் சொல்லேன். எவ்வளவு தீர்த்திருக்கும் என்பதைக் கணக்கிட்டே காட்டுகின்றேன்.

நாலு பரப்பு வளவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது சதுரமாயிருப்பின் சுற்றளவு ஏறத்தாழ 417 அடி. படலைக்கும் வழிக்கும் இடம் விட்டு, ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் கதியால் நட்டால் 260 கதியால் வரையில் நிற்கும். அவை யாவும் சீமைக்கிளுவை, அதாவது நம்மவர் கிளிசிறிடியா என்று வழங்கும் மரம், என வைத்துக்கொள்ளுங்கள். வேர்பிடித்து நன்றாக வளர்ந்த பின்னர், ஒரு மரம் ஆண்டொன்றுக்கு நாலு கிலோ பச்சைக் குழையும் இரண்டு கிலோ உலர்ந்த விறகும் தந்தாற் போதும். இஃது அதிகமான மதிப்பன்று. ஆண்டுக்கு 1040 கிலோ குழையும் 520 கிலோ விறகும் சேரும். சீமைக்கிளுவை இலையிலே ஐந்திலே நாலு பங்குக்குச் சற்றுக் குறைய நீர். எஞ்சிய உலர்பொருளிலே நூற்றுக்கு மூன்று முதல் நாலு பங்கு நைதரசன். எனவே 1040 கிலோ குழையிலே ஏறத்தாழ எட்டுக் கிலோ நைதரசன் உண்டு. யூரியாவிலே நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் இருப்பதால், அது 17 கிலோ யூரியாவுக்குச் சமம். 50 கிலோ மூடையிலே மூன்றில் ஒரு பங்கு.

ஓர் ஏக்கர் வயலுக்கு இது போதாது. இலைப் பசளை ஒன்றே போதும், மூடைப் பசளை வேண்டியதில்லை என்று எவரேனும் உங்களுக்குச் சொல்வாராயின், அவரையும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எனினும் வீட்டருகே இரண்டு பரப்பிலே கத்தரியோ மிளகாயோ வைப்பவருக்கு எட்டுக் கிலோ நைதரசன் பெருந்துணை. அதனோடு மண்ணுக்குச் சேதனப் பொருளும் சேருகின்றது. அதை எந்த மூடையும் தராது. நம் முன்னோர் புகையிலைத் தோட்டத்துக்கும் வெங்காயத் தோட்டத்துக்கும் பூவரசங் குழையையும் வேப்பங் குழையையும் வண்டி வண்டியாய்க் கொண்டுவந்து தாழ்த்தது இதன் பொருட்டே.

விறகுக் கணக்கு இன்னும் எளிது. உங்கள் வீட்டிலே நாளொன்றுக்கு எத்தனை கிலோ விறகு எரிகின்றதென ஒரு கிழமை நிறுத்துப் பாருங்கள். நாலு கிலோ என்று வைத்துக்கொண்டால், இந்த வேலியின் 520 கிலோ விறகு 130 நாளைக்கு, அதாவது நாலு மாதத்துக்குச் சற்று மேலாக, அடுப்பெரிக்கும். அடுப்பைத் திருத்தினால் அது ஆறு மாதமாகும். அதனைப் பின்னர் சொல்லுவேன்.

இனிக் கதியால் நடும் முறை. சீமைக்கிளுவை மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கா ஆகிய நாடுகளிலிருந்து நிழல்மரமாக நமது தோட்டங்களுக்கு வந்தது. வரட்சியைத் தாங்கும், வெட்டவெட்டத் தளிர்க்கும். ஆனாற் கதியாலைக் கண்டபடி முறித்து நட்டால் பாதி பட்டுப்போகும். ஓராண்டுக்கு மேல் முதிர்ந்து, தோல் சாம்பல் நிறமேறிய கிளையையே எடுத்தல் வேண்டும். நீளம் நாலு தொடக்கம் ஐந்து அடி. மொத்தம் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையலாகாது. கூரிய கத்தியால் ஒரே வெட்டில் அடியையும் நுனியையும் சரிவாக வெட்டுக. நுனி சரிவாயிருந்தால் மழைநீர் தேங்கி அழுகாது. வெட்டிய கதியாலை இரண்டொரு நாள் நிழலிலே வைக்கலாம். வெயிலிலே போட்டுவிட்டு நடுவது வீண்வேலை. கதியாலை மண்ணிலே குத்தி இறக்காதீர்கள், தோல் உரிந்துவிடும். அலவாங்கினால் ஓரடி ஆழத்துக்குக் குழி போட்டு, கதியாலை இறக்கி, மண்ணைக் காலால் நன்றாக மிதித்து இறுக்குக. காலம் ஐப்பசி முதல் மழை. மார்கழிக்குப் பின் நடுபவர், வரும் கோடையிலே குடத்தைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் நடக்க ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

முதலாண்டிலே கத்தி வைக்கவேண்டாம். வேர் ஆழம் போகட்டும். இரண்டாம் ஆண்டு தொடக்கம் ஆண்டுக்கு இரு வெட்டு. வைகாசியிலே பெருவெட்டு, மாரி முழுவதும் வளர்ந்த தடி அப்போது தக்க பருமனாயிருக்கும், உலர்த்துவதற்குக் கோடையும் முன்னே நிற்கும். புரட்டாதியிலே சிறுவெட்டு, தடி மெல்லியதாயிருக்கும், குழையே பயன். நீர்ப்பாய்ச்சலுள்ள வயலிலே சேறடிக்கும்போது இக்குழையைப் பரப்பி மிதித்து, இரண்டு கிழமை அழுகவிட்ட பின்னர் விதைக்கலாம். மழையை நம்பிப் புழுதியில் விதைப்போருக்கு இம்முறை ஒவ்வாது. அவர்கள் குழையைத் தோட்டத்துச் சால்களிலே தாழ்ப்பதே நன்று. கால்நடைக்கும் கொடுக்கலாம். பச்சையாய்ப் போட்டால் மணத்துக்காக மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பும். அரை நாள் வாடவிட்டால் உண்ணும். குதிரைக்கும் பன்றிக்கும் இது ஆகாது. இம்மரத்தின் பெயருக்கே எலியைக் கொல்வது என்பது பொருள். அதன் பட்டையையும் விதையையும் தானியத்தோடு சேர்த்து எலிநஞ்சாகப் பயன்படுத்திய நாட்டிலிருந்துதான் அது வந்தது.

வேலி முழுவதும் ஒரே மரமாக இருத்தல் நல்லதன்று. பூவரசு நல்ல குழையும் நல்ல தடியும் தரும். முள்முருக்கு ஆட்டுக்குத் தீன், விறகுக்கு மட்டம். முருங்கைத் தடியை அடுப்பிலே வைப்பவர் புகையைத்தான் சமைக்கலாம். இப்பிலிப்பில் நன்றாக எரியும், ஆனால் விதை சிந்தித் தோட்டமெங்கும் களையாய் முளைக்கும்; காய் முற்றுமுன் வெட்டக்கூடியவரே அதை வைக்கவேண்டும். மன்னார்ப் பகுதியிலே சீமைக் கருவேல் பரந்து கிடப்பதைக் கண்டிருப்பீர்கள். அது நல்ல விறகென்று கருதி உங்கள் ஊருக்குக் கொண்டுவராதீர்கள்; வந்தால் வெளியேறாது. வளர்ந்து நிற்பதை வெட்டி எரியுங்கள். புதிதாய் ஒன்றும் நடவேண்டாம்.

விறகை வெட்டுவது பாதி வேலை, உலர்த்துவதே மறுபாதி. அன்று வெட்டிய தடியின் நிறையிலே ஏறத்தாழப் பாதி நீர். அதை அன்றே அடுப்பில் வைத்தால், நெருப்பின் ஒரு பங்கு உலையைக் கொதிப்பிக்காது தடியிலுள்ள நீரைக் கொதிப்பிக்கின்றது. எரியாத பங்கு புகையாகிப் போகின்றது. எங்கே போகின்றது? அடுக்களையிலே நிற்கும் தாயின் நெஞ்சுக்குள்ளும் அவள் இடுப்பிலிருக்கும் குழந்தையின் நெஞ்சுக்குள்ளும் போகின்றது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையிலே நாலு வீட்டில் மூன்றுக்கு மேற்பட்டவை விறகிலேயே சமைத்தன. விறகுப் புகை சிறு குழந்தைகளுக்கு நியூமோனியாக் காய்ச்சலையும், ஆண்டுக்கணக்கிலே அடுப்பூதிய பெண்களுக்கு ஆறாத இருமலையும் மூச்சிளைப்பையும் தருவதை மருத்துவர்கள் ஐயத்துக்கிடமின்றிக் கண்டுள்ளனர். ஒருபுறம் இருமலுக்கு மருந்து காய்ச்சிக்கொண்டு, அந்த மருந்தையே ஈரவிறகில் காய்ச்சுவது என்ன வைத்தியம்?

வைகாசி தொடக்கம் ஆவணி வரையிலே வீசும் சோளகக் காற்றை விடச் சிறந்த உலர்த்தி கிடையாது, அதற்குக் கூலியுமில்லை. தடியை ஒன்றரை அடித் துண்டாகத் தறித்து, கைம்மொத்தத்திற்கு மேற்பட்டதைப் பிளந்து, கறையான் ஏறாதபடி கல்லின்மேல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குக. மேலே ஓலை அல்லது தகரம்; பக்கங்கள் திறந்திருக்கவேண்டும். மூடிக் கட்டிய விறகு பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு மூன்று மாதத்திலே தடியின் முனைகள் வெடிக்கும். இரண்டு தடியை ஒன்றோடொன்று தட்டினால், ஈரத்தடி மந்தமாய் ஒலிக்கும். உலர்ந்த தடி கணீரென்னும். வாடை தொடங்குமுன் அவ்வாறு ஒலிப்பவற்றை எடுத்துக் கூரையின்கீழ் வைத்துவிட்டால், மாரி முழுவதற்கும் கவலையில்லை.

அடுப்பைப் பற்றி முன்னர் சொன்னேன். மூன்று கல்லின்மேல் பானை வைத்து எரித்தால் நெருப்பு நாற்புறமும் சிதறிப்போகும். 1980 ஆம் ஆண்டுகளிலே நமது நாட்டிலேயே உருவாக்கப்பட்ட அனகி அடுப்பு ஒரே வாயில் விறகிட்டு இரண்டு பானையைச் சூடாக்குவது. முன்னால் சோறு வேக, பின்னால் கறிக்கோ தேநீருக்கோ வெப்பம் போகும். மூன்றுகல் அடுப்போடு ஒப்பிட ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு விறகு மிச்சமாகும். வாங்கிய சுட்டமண் அடுப்பை வெறுமனே தரையில் வைக்காமல், களிமண்ணும் உமியும் குழைத்துச் சுற்றிலும் அணைத்துப் பூசிவிடுங்கள்; வெடிக்காது, பல ஆண்டு நிற்கும், சூடும் வெளியே போகாது. அதற்கு மேலே ஒரு புகைக்கூடும் வைத்தால் இன்னும் நன்று.

நெல்லுக் கமக்காரருக்கு வேறொரு விறகும் உண்டு, அது உமி. நெல்லின் நிறையிலே ஐந்திலொரு பங்கு உமியாகும். ஆலைவாசலிலே மலையாய்க் குவித்துத் தீமூட்டி, ஊரெல்லாம் புகையடிக்க விடுகின்றோம். அடியிலே பக்கத்தில் ஒரு துளையிட்ட தகரப் பேணியை எடுத்து, நடுவே ஒரு போத்தலை நிறுத்தி, இன்னொன்றை அடித்துளைக்குள் செருகி, உமியையும் மரத்தூளையும் கலந்து இறுக்கி நிரப்பிப் போத்தல்களை மெல்ல உருவினால், நடுவே காற்றோடும் வழியொன்று அமையும். கீழே சிறு தடியால் தீமூட்டினால் மணிக்கணக்கிலே எரியும். மரவள்ளி அவிக்கவும் நெல்லுப் புழுக்கவும் உகந்தது. இதைத் தாழ்வாரத்திலே வைத்து எரிக்கவேண்டும். கதவடைத்த அறையினுள் தணல் வைப்பது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து எழும் நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. எஞ்சும் சாம்பலை வாழைக்கும் கத்தரிக்கும் இடலாம். யூரியாவோடும் ஈரச் சாணத்தோடும் சாம்பலைக் கலக்காதீர்கள். நைதரசன் ஆவியாய்ப் பறந்துவிடும்.

வைக்கோலை மட்டும் விறகாக்க வேண்டாம். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொற்றாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே நிற்கின்றது. அது வயலுக்கே திரும்புதல் வேண்டும். பனையுள்ள வளவுக்காரருக்கு நான் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. மட்டையும் கங்கும் பன்னாடையும் கொக்கறையும் அவர்கள் அறிந்ததே. கிழங்கு கிண்டிய பின் எறியும் ஊமலைச் சேர்த்து வைத்தால், சுள்ளென்று எரிவதிலே சிரட்டைக்கு அது குறைந்ததன்று.

இனி மருந்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்து அரசர் காலத்திலே செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் பெயர்களால் வைத்திய நூல்கள் எழுந்தன. அத்தகைய மரபுடைய நாட்டிலே, இன்று ஒரு கைப்பிடி ஆடாதோடைக்குக் கடைக்குப் போகின்றோம். கதியாலுக்குக் கதியால் இடையிலே ஒன்றரை அடி நிலம் சும்மா கிடக்கின்றது. அங்கே ஆடாதோடைத் தண்டை நடுங்கள். அதை ஆடும் தொடாது, மாடும் தொடாது. ஆகையால் வேலிக்கு அதைவிட உகந்த செடி வேறில்லை. அதன் இலையிலுள்ள வாசிசீன் என்னும் பொருளே, மேனாட்டார் சளியிளக்கும் மருந்தாக விற்கும் புரோமெக்சினுக்கு மூலமாயிற்று. சளியோடு கூடிய இருமலுக்கு இலையைக் குடிநீராய்க் காய்ச்சித் தேனோடு கொடுப்பது நம்மவர் வழக்கம். ஆனால் அதே பொருள் கருப்பையைச் சுருங்கச் செய்யும். கருவுற்ற பெண்கள் அதைக் குடிக்கவே கூடாது. இதை வீட்டிலுள்ள முதியோரும் இளையோரும் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும்.

நொச்சி இன்னொன்று. தடி விறகாகும், இலையை வேது பிடிப்பார்கள், நிழலில் உலர்த்திய இலையை விதைநெல்லோடும் பயற்றோடும் போட்டு வைப்பார்கள். வேது பிடிக்கும்போது கொதிக்கும் பானையைக் குழந்தையின் அருகே வைக்கவேண்டாம். தடிமனோடு வந்த பிள்ளை வெந்த புண்ணோடு வைத்தியசாலைக்குப் போன கதை பல ஊர்களில் உண்டு. தூதுவளையும் முடக்கொத்தானும் வேலியிலே தாமே படரும். அவற்றை ஏற்றிவிடுவது மட்டுமே உங்கள் வேலை. வல்லாரையும் பொன்னாங்காணியும் கிணற்றடியில் ஈரம் கசியும் இடத்திலே வளரும். வேம்பொன்று தெற்கு எல்லையிலோ மேற்கு எல்லையிலோ நிற்கட்டும். நிழலும் விதையும் தரும். உலர்ந்த வேப்பம்பருப்பை லீற்றருக்கு 50 கிராம் வீதம் இடித்து, துணியில் முடிந்து இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, வடித்துச் சிறிது சவர்க்காரம் சேர்த்து, மாலை வேளையிலே தெளித்தால் கத்தரியில் இலையரிக்கும் புழுக்கள் தீன் மறுக்கும். வேப்பெண்ணெயைக் குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். வலிப்புக் கண்டு இறந்த குழந்தைகள் உண்டு.

வயல் வரம்பிலே பறித்த வல்லாரையைப் பற்றியும் ஒரு சொல். களைகொல்லியோ பூச்சிகொல்லியோ தெளித்த வரம்பிலும் வாய்க்காலிலும் எந்தக் கீரையையும் மூலிகையையும் பறியாதீர்கள். கீரை விற்கும் அம்மாவுக்கு நீங்கள் எப்போது தெளித்தீர்கள் என்பது தெரியாது. தெளிக்கும் நாளிலே வரம்பில் ஒரு தடியை நட்டு, சிவப்புத் துணி கட்டிவைப்பது அயலாருக்குச் செய்யும் சிறு நன்றி.

எல்லா மூலிகையும் நன்மையே செய்யும், பக்கவிளைவு கிடையாது என்பார் பேச்சை நம்பவேண்டாம். ஆடுதின்னாப்பாளை, ஈசுரமூலி ஆகிய கொடிகளிலே அரிசுத்தோலோக்கிக் அமிலம் என்னும் நஞ்சு உண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் விளைக்கும். சிறுநீரக நோயால் வடமத்திய மாகாணத்திலும் வவுனியாவிலும் கமக்காரர் பலர் வருந்துவதை நாம் அறிவோம். அந்நோயின் காரணம் பலவாறு ஆராயப்படுகின்றது. அது எவ்வாறாயினும், சிறுநீரகத்தைக் கெடுக்குமென்று நிச்சயமாய்த் தெரிந்த ஒன்றை நாமே அரைத்துக் குடிக்க வேண்டுமா? கார்த்திகைக்கிழங்கை வற்றாளைக் கிழங்கென்று எண்ணி அவித்துத் தின்று மாண்டோர் உண்டு. வேலியிலே அது படர்ந்திருப்பின், அதனருகே உண்ணும் கிழங்கு எதையும் நடவேண்டாம். மஞ்சள் அலரியோ, அதன் விதை இதயத் துடிப்பையே குலைப்பது; வடபகுதியிலே எத்தனையோ குடும்பங்களுக்கு அதனால் ஆறாத் துயரம் நேர்ந்துள்ளது. பூவுக்காக அதை வேலியில் வைத்திருப்போர் வேரோடு அகற்றிவிட்டு, செம்பருத்தியை வைக்கும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கின்றேன். அகற்றிய தடியை அடுப்பிலும் வைக்காதீர்கள்.

இவற்றினும் முக்கியமான ஒன்றுண்டு. 2024 மார்கழியிலே யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வெள்ளத்துக்குப் பின் காய்ச்சலொன்று பரவி உயிர்கள் சில மாண்டன. அது எலிக்காய்ச்சல் என்று கண்டறியப்பட்டது. எலியின் சிறுநீர் கலந்த வயல்நீரிலே நிற்கும் கமக்காரனின் காற்புண் வழியாக அக்கிருமி ஏறும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல். பின்னர் கண் மஞ்சளாகும், சிறுநீர் குறையும். கண் மஞ்சளாகியதும் மஞ்சட்காமாலை என்றெண்ணிக் கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரிலே குடித்து, மூன்று நாள் வீட்டிலிருந்து பார்ப்போம் என்பதே நம்மவர் வழக்கம். அந்த மூன்று நாளிலேதான் சிறுநீரகமும் நுரையீரலும் கெடுகின்றன. கீழ்க்காய்நெல்லியை நான் இகழவில்லை. எலிக்காய்ச்சலுக்கு அது மருந்தன்று. வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சல் கண்டால் அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போய், நான் வயலில் வேலை செய்பவன் என்று வைத்தியரிடம் முதலிலே சொல்லுங்கள். விதைப்புக் காலத்துக்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால், தடுப்புக்குரிய டொக்சிசைக்கிளின் மாத்திரை யாருக்குத் தகும் என்பதைச் சொல்லுவார். பாம்புக் கடியும் அவ்வாறே. இலையைப் பிழிந்து வாயிலும் காயத்திலும் விடுவதிலே போகும் ஒவ்வொரு நாழிகையும் விடந்தீர்க்கும் ஊசியைத் தாமதிக்கச் செய்கின்றது.

மூலிகை பயிரிட்டு விற்கலாமா என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். நம் நாட்டு மருந்து செய்வோர் உலர்மூலிகை பலவற்றை இந்தியாவிலிருந்து தருவிப்பது உண்மை. ஆயினும் வாங்குவோர் யார், எவ்வளவு ஈரப்பதத்தில் வாங்குவார், என்ன விலை என்பவற்றை எழுத்தில் அறிந்த பின்னரே நிலத்தைக் கொத்துங்கள். வல்லாரை ஒரு பரப்பு விற்றுவிடும். ஆடாதோடை ஒரு பரப்பை யார் வாங்குவார்? நெற்றரையிலே அதை வைத்துவிட்டு ஆளைத் தேடுவது நல்ல கமமன்று. வேலியோரத்திலே வைத்தால் நட்டமென்பதே இல்லை. விலைபோகாவிடில் குழையாகித் தோட்டத்துக்குப் போகும்.

எண்ணெய் மரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகின்றேன். 1990 ஆம் ஆண்டுகளிலே வடக்கிலே மண்ணெண்ணெய் அரிதாகியபோது, போத்தல் விளக்கிலே ஒரு சிறங்கை எண்ணெயை வைத்துப் பிள்ளைகள் படித்ததை உங்களிற் பலர் கண்டவர்கள். அதற்கு முன் நம் கோயில்களிலும் வீடுகளிலும் எரிந்தது இலுப்பெண்ணெயும் புன்னையெண்ணெயுமே. அம்மரங்கள் காய்க்கப் பத்தாண்டு வரை செல்லும். வளவின் மூலையிலும் குளக்கட்டின் கீழும் ஒன்றிரண்டை வைப்பது பேரப்பிள்ளைகளுக்குச் செய்யும் உதவி. காட்டாமணக்கிலிருந்து டீசல் எடுக்கலாம், வரண்ட தரையிலும் பொன் விளையும் என்று 2000 ஆம் ஆண்டுகளிலே பல நாடுகளிலும் பெரும் ஆரவாரம் எழுந்தது. வரண்ட தரையிலே அது உயிரோடு நின்றது உண்மை, காய்த்ததுதான் குறைவு. வேலிக்கு அது நல்ல செடி. விதை நஞ்சு, பிள்ளைகள் கடலையென்று தின்பார்கள் என்பதை மறவாமல், பள்ளிக்கூட வழியிலே வைக்காதிருங்கள்.

இவ்வாண்டு புரட்டாதிச் சிறுவெட்டின்போது நமது பகுதியிலே நல்ல வேலிகள் உள்ள சில வீட்டாரிடமிருந்து சீமைக்கிளுவைக் கதியால்களைப் பெற்றுப் பங்கிட எண்ணியுள்ளோம். ஒரு வீட்டுக்கு 50 கதியாலும், ஆடாதோடை, நொச்சித் தண்டுகள் பத்துப் பத்தும் கிடைக்கும். வேண்டுவோர் ஆவணி முடியுமுன் கமநலச் சேவை நிலையத்திலே தம் பெயரையும் வேலியின் நீளத்தையும் பதிந்துகொள்க. வரும்போது ஈரச்சாக்கொன்றும் கொண்டுவருக. கதியாலை வெயிலிலே சுமந்து செல்லலாகாது. எல்லைத் தகராறு உள்ள வேலிக்கு, அயலவரும் உடன்வந்து ஒப்புக்கொண்ட பின்னரே கதியால் தரப்படும்.